குடும்பமும் தொழிலும்: தடித்த பொருள்களில் அச்சிட எந்த ஹீட் பிரஸ் வாங்குவது?



மும்பையில் வசிக்கும் சகோதரி ஒருவர் இம்மாதம் நீண்ட கடிதம் ஒன்றை எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் வேலை பார்த்துவந்த தையற்கூடம் மூடப்பட்டுவிட்டது. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். சீட்டு எடுத்த பணம் 40,000 ரூபாய் கையில் இருக்கிறது. வீட்டில் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. 10 அடிக்கு 12 அடி அறையிலேயே சப்ளிமேஷன் அச்சுத் தொழிலைத் தொடங்க இருவரும் தீர்மானித்திருக்கிறார்கள். பனியன் அச்சிடுவோர் அவர்கள் பகுதியில் அநேகர் இருப்பதால், எம்.டி.எஃப். பலகை, டைல்ஸ், சிலேட்டுக் கல் ஆகிய தடித்த பொருள்களில் படமும் பெயரும் அச்சிட்டு நினைவுப் பரிசுகளாக விற்க வேண்டும் என்பது சகோதரியின் எண்ணம். கணவரோ குறைந்த விலையில் கிடைக்கும், வாய் திறந்து மூடும் இயந்திரமே போதும் என்கிறார். அவருடைய தம்பியோ எட்டு வேலைகளையும் ஒன்றே செய்யும் இயந்திரத்தை வாங்கச் சொல்கிறார். இந்தப் பணம் போனால் மறுபடியும் இவ்வளவு சேர்க்க மூன்று ஆண்டுகள் ஆகும் என்று சகோதரி எழுதியிருப்பதால், இக்கேள்விக்கு மேலோட்டமாகப் பதில் சொல்லக் கூடாது. இதே கேள்வியோடு வேறு நகரங்களிலும் குடும்பங்கள் இருக்கும் என்பதால், விவரமாகவே பார்ப்போம்.

சப்ளிமேஷன் எப்படி நடைபெறுகிறது?

அலமாரியில் வைத்த அந்துருண்டை நாளடைவில் கரைந்து நீராகாமல், அப்படியே ஆவியாகி மறைந்துவிடுவதை நாம் அறிவோம். திடப்பொருள் திரவமாகாமல் நேரே ஆவியாவதையே பதங்கமாதல் என்கிறோம். சப்ளிமேஷன் மையின் சாயமும் இவ்விதமே நடந்துகொள்கிறது. படத்தை இடவலம் மாற்றித் தாளில் அச்சிட்டு, அத்தாளைப் பொருளின்மேல் கவிழ்த்து, ஏறத்தாழ 180 முதல் 210 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் சாயம் ஆவியாகி எழும்புகிறது. பாலியெஸ்டர் துணியோ பாலிமர் பூச்சோ அந்தச் சூட்டில் இளகியிருப்பதால் சாயம் உள்ளே நுழைகிறது. பொருள் ஆறியதும் பூச்சு இறுகிச் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

இதிலிருந்து மூன்று காரியங்கள் தெளிவாகின்றன. முதலாவது, பருத்தித் துணியிலும், பூச்சில்லாத மரத்திலும், கடையில் வாங்கும் சாதாரண டைல்ஸிலும் இந்த அச்சு நிற்காது. சப்ளிமேஷனுக்கென்றே பூச்சிட்ட வெறும் பொருள்களைத்தான் வாங்க வேண்டும். இரண்டாவது, இந்த முறையில் வெள்ளை மை கிடையாது. ஆகவே வெள்ளை அல்லது வெளிர்நிறப் பொருளில்தான் படம் தெளிவாக விழும். மூன்றாவது, வெப்பம், நேரம், அழுத்தம் ஆகிய மூன்றும் பொருளின் மேற்பரப்பு முழுவதிலும் ஒரே சீராகக் கிடைக்க வேண்டும். ஒரு மூலையில் தாள் சரியாக ஒட்டியிராவிட்டால் அங்கே எழும்பும் ஆவி பக்கவாட்டில் சிதறி, படம் மங்கலாகிவிடும். இந்த மூன்றாவது காரியமே இயந்திரத் தேர்வின் அடிப்படையாகும்.

தடித்த பொருள்கள் எல்லாம் ஒன்றல்ல

தடிமன் என்றவுடன் எல்லாவற்றையும் ஒரே கூட்டத்தில் சேர்த்துவிடுகிறோம். ஆனால் இயந்திரத்தின் கண்ணோட்டத்தில் இவை மூன்று வகைப்படும்.

முதல் வகை, வெப்பத்தை எளிதில் உள்ளே விடாத கடினமான பொருள்கள். எம்.டி.எஃப். பலகை இவ்வகையைச் சேர்ந்தது. 3 மி.மீ. சாவி வளையம் முதல் 15 மி.மீ. புகைப்படக் கட்டை வரை பல தடிமன்களில் கிடைக்கிறது. பலகையின் மேற்பூச்சு மாத்திரம் சூடானால் போதும் என்பதால், மேலிருந்து அழுத்தும்போது பொதுவாக ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இங்கே சிக்கல் வெப்பமல்ல, சமமான அழுத்தமே.

இரண்டாம் வகை, வெப்பத்தைக் குடிக்கும் பொருள்கள். டைல்ஸ், சிலேட்டுக் கல், கண்ணாடி ஆகியவை இவ்வகையின. குளிர்ந்த டைல்ஸை வெப்பத்தட்டின் கீழ் வைத்தவுடன் அது தட்டின் சூட்டை இழுத்துக்கொள்கிறது. ஆகையால் இவற்றிற்குப் பல நிமிடங்கள் தேவைப்படும். டைல்ஸை அநேகர் முகம் கீழாகத் தாளின்மேல் வைத்து, அடியில் கனத்த ஃபெல்ட் துணியை விரித்து, முதுகுப்புறத்திலிருந்து சூடேற்றுவார்கள். டைல்ஸின் வளைந்த ஓரங்களிலும் தாள் படிவதற்காகவே இவ்வாறு செய்கிறார்கள். வெப்பம் டைல்ஸை ஊடுருவி வர வேண்டியிருப்பதால் 6 முதல் 10 நிமிடம் வரை ஆகலாம். இங்கே சிக்கல், இழந்த சூட்டை இயந்திரம் எவ்வளவு விரைவாக மீட்டுக்கொள்கிறது என்பதே.

மூன்றாம் வகை, அமுங்கும் பொருள்கள். ரப்பர் அடிப்பாகம் உள்ள மவுஸ் பேட் இதற்கு நல்ல உதாரணம். இது தானே அமுங்கி இடம் கொடுப்பதால் எந்த இயந்திரத்திலும் பெரும்பாலும் நன்றாகவே வரும். அழுத்தம் அதிகமானால் மாத்திரம் ஓரங்களில் தடம் விழும்.

ஆகவே கடைக்குப் போகுமுன், முதல் ஆறு மாதத்தில் நீங்கள் விற்கப்போவது இவற்றில் எது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கேற்பவே இயந்திரத்தைத் தேட வேண்டும்.

வாய் திறந்து மூடும் கிளாம்ஷெல்

கிளாம்ஷெல் என்னும் வகையில் மேல்தட்டு பின்பக்கத்துக் கீலில் பொருத்தப்பட்டு, முதலை வாயைப்போல் திறந்து மூடும். விலை குறைவு, இடமும் குறைவாகவே எடுக்கும். வேலை வேகமாக நடக்கும். பனியனுக்கும் மெல்லிய தகட்டுக்கும் இது நல்ல இயந்திரம் என்பதில் ஐயமில்லை.

தடித்த பொருளில் இதன் குறை எங்கிருந்து வருகிறது என்பதை அறிய நம் வீட்டுப் பாக்குவெட்டியே போதும். கொட்டைப்பாக்கைக் கீலுக்கு அருகே வைத்தால் அங்கே நெரிசல் பலமாக இருக்கும். அதே வேளையில் கைப்பிடிப் பக்கம் வாய் அகலமாகத் திறந்தே இருக்கும். கிளாம்ஷெல்லின் மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒரு குறிப்பிட்ட இடைவெளியில்தான் ஒன்றுக்கொன்று இணையாக அமையும். அந்த இடைவெளி பெரும்பாலும் துணிக்காகவே அமைக்கப்பட்டிருக்கும். நடுவில் 15 மி.மீ. கட்டையை வைத்தால், மேல்தட்டு இன்னும் சாய்வாக இருக்கும்போதே கட்டையின் பின்ஓரத்தில் முட்டிவிடும். பின்பக்கம் அதிக அழுத்தமும் முன்பக்கம் குறைந்த அழுத்தமும் உண்டாகும். மாத்திரமல்ல, சாய்ந்து இறங்கும் தட்டு தாளை முன்னோக்கித் தள்ளவும் கூடும். அப்பொழுது எழுத்துகளுக்குப் பக்கத்தில் நிழல்போல் இன்னொரு எழுத்து தோன்றும். தொழிலில் இருப்போர் இதைக் கோஸ்டிங் என்பார்கள்.

சில கிளாம்ஷெல்களில் மேல்தட்டு நடுவில் தொங்கவிடப்பட்டு, பொருளின்மேல் பட்டதும் தானே சாய்வைச் சரிசெய்துகொள்ளும்படி அமைந்திருக்கும். இவை ஓரளவு தடிமனைத் தாங்கும். எவ்வளவு தாங்கும் என்பதைக் கடைக்காரரின் வாய்ச்சொல்லால் அல்ல, கீழே சொல்லப்போகும் சோதனையால் அறிந்துகொள்ளுங்கள்.

பக்கவாட்டில் விலகும் ஸ்விங் அவே

ஸ்விங் அவே வகையில் மேல்தட்டு முதலில் நேராக மேலே எழும்பும். பிறகு முழுவதும் பக்கவாட்டில் விலகிப்போகும். திரும்பி வந்து இறங்கும்போதும் தட்டையாகவே இறங்கும். ஆகவே கட்டை 3 மி.மீ. ஆனாலும் 15 மி.மீ. ஆனாலும், அழுத்தும் திருகைச் சரிசெய்துகொண்டால் நான்கு மூலைகளிலும் ஒரே அளவாக அழுத்தம் கிடைக்கும். பொருளை வைக்கும்போது சூடான தட்டு தலைக்கு மேல் இராது என்பதும் ஒரு நன்மை. டைல்ஸை அடுக்கி, ஒட்டுநாடாவைச் சரிபார்த்து நிதானமாக வேலை செய்யலாம்.

குறைகளும் உண்டு. தட்டு விலகுவதற்குப் பக்கத்தில் ஏறத்தாழ இன்னொரு இயந்திரத்தின் அகலம் காலியாக இருக்க வேண்டும். விலகி நிற்கும் சூடான தட்டு முழங்கை உயரத்தில் இருப்பதால் சிறிய அறையில் அது ஆபத்து. மலிவான சில இயந்திரங்களில் தட்டைத் தாங்கும் கை தளர்ந்து, தட்டு ஒருபுறம் தொங்கிவிடும். அப்படிப்பட்ட இயந்திரம் கிளாம்ஷெல்லைவிட மோசமான அச்சையே தரும். இயக்கும்போது தட்டு முழுவதும் மேலே எழும்புமுன் பக்கவாட்டில் தள்ளினால் தாள் இழுபட்டுப்போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கீழ்த்தட்டு மேஜை இழுப்பறைபோல் முன்னே வரும் டிராயர் வகையும் உண்டு. இதற்குப் பக்கவாட்டு இடம் வேண்டியதில்லை, முன்பக்கத்தில் இடம் இருந்தால் போதும். மிகச் சிறிய அறைக்கு இது பொருத்தமே. ஆனால் இழுப்பறையைச் சடக்கென்று தள்ளினால் தாள் நகரும். ஆகவே ஒட்டுநாடாவைத் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும்.

எட்டு வேலை செய்யும் இயந்திரம்

பனியன், தொப்பி, மக், தட்டு எல்லாவற்றையும் ஒன்றே செய்யும் இயந்திரம் பார்ப்பதற்கு ஆதாயமாகத் தோன்றும். இவற்றில் பல ஸ்விங் அவே அமைப்பிலேயே வருவதால் தடித்த பொருளுக்கும் உதவும். ஆனால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மேல்தட்டின் அளவு எவ்வளவு? இவ்வகையில் 29 × 38 செ.மீ. அளவே அதிகம் காணப்படுகிறது. ஒரு பாகத்தைக் கழற்றி இன்னொன்றை மாட்டும்போது மின்கம்பி இணைப்பையும் மாற்ற வேண்டுமா? அடிக்கடி மாற்றினால் அந்த இணைப்பே முதலில் பழுதாகும். மக் சூடேறிக்கொண்டிருக்கையில் பலகையை அச்சிட முடியுமா? முடியாது. ஒரு மக்குக்கு மூன்று நான்கு நிமிடம் ஆகும்பொழுது, மற்ற வேலைகள் யாவும் காத்திருக்க வேண்டும்.

பலகை அச்சில் நிலைத்த பிறகு, வரும் இலாபத்தில் தனி மக் பிரஸ் ஒன்றை வாங்கிக்கொள்வதே நல்லது. அவ்வாறு செய்தால் ஒன்று பழுதானாலும் மற்றொன்று ஓடிக்கொண்டிருக்கும். காற்றை உறிஞ்சி மெல்லிய சிலிகான் விரிப்பால் பொருளைச் சுற்றி அழுத்தும் வாக்குவம் பிரஸ், வளைந்த பொருள்களுக்கும் கைப்பேசி உறைகளுக்கும் ஏற்றது. அந்த விரிப்பு கிழியக்கூடியது, வேலையும் மெதுவாகவே நடக்கும். முதல் இயந்திரமாக அதை வாங்க வேண்டாம். காற்றழுத்தத்தால் இயங்கும் பிரஸ்ஸுக்குக் கம்ப்ரசர் வேண்டும். சுவருக்குச் சுவர் ஒட்டிய குடியிருப்பில் அதன் சத்தம் அயலாரோடு சண்டையை உண்டாக்கும்.

அளவும் அழுத்தமும்

ஏ4 தாள் 21 × 29.7 செ.மீ. உடையது. 38 × 38 செ.மீ. தட்டில் அது தாராளமாக அடங்கும். 29.7 × 42 செ.மீ. உள்ள ஏ3 தாளை அச்சிட வேண்டுமானால் 40 × 60 செ.மீ. போன்ற பெரிய தட்டு தேவை. உங்கள் பிரிண்டர் ஏ4 அளவே அச்சிடுமானால் பெரிய பிரஸ் வாங்குவது வீண் செலவு.

பெரிய தட்டு வாங்கினால் அழுத்தமும் பெரிதாகும் என்று எண்ண வேண்டாம். கைப்பிடியின் பலம் ஒன்றாக இருக்கும்போது, அது பரவும் பரப்பு கூடினால் ஒவ்வொரு சதுர அங்குலத்திற்கும் கிடைப்பது குறையும். மறுபுறம், நடுவில் ஒரேயொரு சாவி வளையத்தை வைத்தால் முழுப் பலமும் அதன்மேலேயே விழும். பலகை நசுங்கும், தட்டும் ஆடும். ஆகவே சிறு பொருள்களை ஒன்றொன்றாக அழுத்தாமல் நான்கு ஆறாகப் பரப்பி வையுங்கள். ஒன்று மாத்திரம் செய்ய வேண்டியிருந்தால், அதே தடிமனுள்ள கழிவுத் துண்டுகளை நான்கு மூலைகளிலும் வைத்துத் தட்டைச் சமமாக்குங்கள். சிலேட்டுக் கல்லின் மேடுபள்ளமான முகத்திற்கும், ஓரம் சரிவாகச் சீவப்பட்ட பலகைக்கும் மெத்தென்ற சிலிகான் விரிப்பு உதவும். வெப்பத்தட்டுக்கும் தாளுக்கும் நடுவே விரிப்பை வைத்தால் நேரத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு கணக்கு

38 × 38 செ.மீ. பிரஸ் பெரும்பாலும் 1,400 முதல் 1,800 வாட்ஸ் வரை இழுக்கும். 1,800 வாட்ஸை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 8 ஆம்பியர் வருகிறது. வீட்டிலுள்ள சிறிய பிளக் 6 ஆம்பியருக்கே உரியது. ஆகவே பெரிய 16 ஆம்பியர் பிளக்கும், அதற்குரிய கனமான கம்பியும், எர்த் இணைப்பும் கட்டாயம் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டவே கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்த 110 வோல்ட் இயந்திரத்தை யாராவது மலிவாகத் தருவதாகச் சொன்னால் வாங்காதீர்கள்.

மின்னழுத்தம் குறைந்தால் வெப்பம் எவ்வளவு குறையும் என்பது அநேகருக்குத் தெரியாது. 230 வோல்ட்டில் 1,800 வாட்ஸ் தரும் தட்டு, 180 வோல்ட்டில் ஏறத்தாழ 1,100 வாட்ஸ் மாத்திரமே தரும். மாலை வேளையில் மின்னழுத்தம் விழும் பகுதியில், பனியனை அச்சிட்டுவிடும் இயந்திரம்கூட டைல்ஸை வைத்தவுடன் சூடு இறங்கித் திணறும். அப்படிப்பட்ட இடத்தில் டைல்ஸ், கல் வேலைகளைப் பகற்பொழுதில் வைத்துக்கொள்வது நல்லது. வெப்பத்தட்டு கனமான அலுமினியமாக இருந்தால் அது சூட்டைச் சேமித்து வைத்திருக்கும். மெல்லிய தட்டு விரைவில் சூடேறினாலும், குளிர்ந்த கல்லின்மேல் பட்டதும் விரைவில் இறங்கிவிடும். இதனால் வாட்ஸோடு தட்டின் கனத்தையும் கேட்டு அறியுங்கள்.

கடையிலேயே செய்ய வேண்டிய நான்கு சோதனைகள்

வாங்கப்போகும் நாளில் நீங்கள் அச்சிட எண்ணியுள்ள மிகத் தடித்த கட்டை ஒன்றையும், கொஞ்சம் சாதாரணத் தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

1. தாள் சோதனை. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே கட்டையை நடுவில் வைத்து, அதன் நான்கு மூலைகளிலும் தாள் துண்டுகளைப் பாதி வெளியே தெரியும்படி வைத்து மூடுங்கள். ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். நான்கும் ஒரே இறுக்கமாக இருந்தால் தட்டு சமமாக இறங்குகிறது. ஒன்று இறுகி மற்றொன்று எளிதாக வந்தால் அந்த இயந்திரம் உங்கள் வேலைக்கு ஆகாது.

2. திறப்புச் சோதனை. அழுத்தும் திருகை முழுவதும் தளர்த்தினால், கட்டையோடு சிலிகான் விரிப்பும் சேர்ந்து உள்ளே நுழைகிறதா என்று பாருங்கள். பலவந்தமாக மூட வேண்டியிருந்தால் நாளடைவில் கைப்பிடி வளையும்.

3. வெப்பச் சோதனை. 200 டிகிரி வைத்துப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். திரையில் தெரியும் எண் ஓரிடத்தில் உள்ள உணர்கருவியின் கணக்கு மாத்திரமே. நடுவிலும், மூலைகளிலும், ஓரங்களிலுமாக ஒன்பது இடங்களில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். தொட்டு அளக்கும் வெப்பமானி நம்பகமானது. தூரத்திலிருந்து அளக்கும் துப்பாக்கி வடிவக் கருவி பளபளப்பான உலோகத்தில் தவறான எண்ணைக் காட்டும். வேறுபாடு 5 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. 10 டிகிரிக்கு மேல் போனால் வேறு இயந்திரம் பாருங்கள்.

4. கருப்புச் சோதனை. தாள் முழுவதும் கருப்பாக அச்சிட்டு வெள்ளைப் பாலியெஸ்டர் துணியில் அழுத்தச் சொல்லுங்கள். எங்கும் ஒரே கருப்பாக வர வேண்டும். சூடு போதாத இடம் பழுப்பாகத் தெரியும்.

இவற்றைச் செய்ய மறுக்கும் கடையில் பணத்தைக் கட்ட வேண்டாம். வெப்பத்தட்டு, கன்ட்ரோலர், கைப்பிடி ஸ்பிரிங் ஆகிய உதிரிபாகங்கள் அதே ஊரில் கிடைக்குமா என்றும், பழுதானால் வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா அல்லது 30 கிலோ பாரத்தை நீங்கள் சுமந்து செல்ல வேண்டுமா என்றும் விசாரியுங்கள். ஜி.எஸ்.டி. பில்லும் உத்தரவாத அட்டையும் கையில் வந்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

ஒற்றை அறை வீட்டில் கவனம்

200 டிகிரி சூடுள்ள தட்டு பிள்ளைகள் நடமாடும் அறையில் இருக்கப்போகிறது. இதைச் சிறு காரியமாக எண்ணாதீர்கள். இயந்திரத்தை ஆடாத கனத்த மேஜையில், சுவரோரமாக வையுங்கள். ஸ்விங் அவே ஆனால் தட்டு விலகும் பக்கம் சுவரை நோக்கியிருக்கட்டும், நடக்கும் வழியை நோக்கியிருக்க வேண்டாம். பிள்ளைகள் பள்ளிக்குச் சென்ற நேரத்தை வேலை நேரமாக்கிக்கொள்ளுங்கள். கன்ட்ரோலர் பழுதானால் சூடு ஏறிக்கொண்டே போகக்கூடும் என்பதால், இயந்திரத்தை ஓடவிட்டு வெளியே செல்லாதீர்கள். வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சையே அணைத்துவிடுங்கள்.

சாயத்திலிருந்தும், எம்.டி.எஃப். பலகையின் பசையிலிருந்தும் ஆவி வெளிவரும். ஜன்னலைத் திறந்து, காற்றை வெளியே தள்ளும் விசிறியை ஓடவிடுங்கள். சமையல் நேரத்தில் அச்சு வேலை வேண்டாம். கையுறை, பட்டர் பேப்பர், டெஃப்லான் விரிப்பு, சூடு தாங்கும் ஒட்டுநாடா ஆகியவற்றை இயந்திரத்தோடு சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் பலகையும் தாளும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் நீராவியாகிப் படத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். தாளைக் காற்றுப் புகாத பையில் வையுங்கள். பலகையைப் பட்டர் பேப்பர் போர்த்திச் சில விநாடி சூடாக்கிய பிறகு அச்சிடுங்கள். அச்சிட்ட பலகை வளையாதபடி, சமதளத்தில் பாரம் வைத்து ஆறவிடுங்கள். சூடு அதிகமானால் வெள்ளைப் பூச்சு மஞ்சளிக்கும். ஆகவே பலகை விற்பவர் சொல்லும் சூட்டையும் நேரத்தையும் எழுதி வாங்கி, அதிலிருந்தே சோதனையைத் தொடங்குங்கள்.

மலிவு எது, இலாபம் எது?

உதாரணத்திற்கு ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு வெறும் பலகை 150 ரூபாய், மை, தாள், நாடா முதலியவை 10 ரூபாய், விற்பனை 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 140 ரூபாய் மிஞ்சும். 20 பலகைக்கு ஆர்டர் வந்தால் 2,800 ரூபாய் மிஞ்ச வேண்டும். அழுத்தம் சீராக இல்லாத இயந்திரத்தில் மூன்று பலகைகள் கெட்டுப்போனால், 20-ஐக் கொடுப்பதற்கு 23 செய்ய வேண்டும். மிஞ்சுவது 2,320 ரூபாய். ஓர் ஆர்டரில் 480 ரூபாய் போயிற்று. இப்படி இருபது ஆர்டர்களில் 9,600 ரூபாய் போய்விடும். மலிவான இயந்திரத்தால் மிச்சப்படுத்தியதாக நினைத்த பணம் இவ்வழியாகவே கரைந்துபோகிறது. திருமண நாளுக்கு முந்தின இரவு பலகை கெட்டால் உண்டாகும் அவமானத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

சகோதரிக்கும் அவருடைய கணவருக்கும்

நீங்கள் விற்க நினைப்பது பலகையும் கல்லுமே என்பதால், உங்களுக்கு ஏற்றது 38 × 38 செ.மீ. ஸ்விங் அவே. அறையில் பக்கவாட்டு இடம் இல்லையென்றால் அதே அளவுள்ள டிராயர் வகை. அடிக்கடி கட்டித் தூக்கிச் செல்ல வேண்டியிருந்து, பனியனும் மவுஸ் பேடுமே பிரதானமாக இருந்திருந்தால், உங்கள் கணவர் சொன்ன கிளாம்ஷெல்லே சரியாக இருந்திருக்கும். அவர் சொன்னது தவறான இயந்திரமல்ல, வேறு தொழிலுக்கான இயந்திரம். இதைச் சொல்லி வீட்டில் ஒருவரையொருவர் வெல்ல முயலாதீர்கள். தாள் சோதனையை இருவரும் சேர்ந்தே செய்து பாருங்கள். அவர் தையற்கூடத்தில் இயந்திரங்களோடு பழகியவர், தட்டு தளர்ந்திருப்பதை உங்களுக்கு முன்பாக அவர் கண்டுகொள்வார்.

ஆனால் 40,000 ரூபாயையும் இயந்திரத்தில் போட்டுவிட வேண்டாம். பிரிண்டர், மை, தாள், வெறும் பொருள்கள், மின் இணைப்பைச் சீர்செய்யும் செலவு யாவும் இதற்குள் வர வேண்டும். சாதாரண இங்க் டேங்க் பிரிண்டரில் சப்ளிமேஷன் மை ஊற்றினால் அதன் உத்தரவாதம் போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கற்றுக்கொள்ளும்போது கெட்டுப்போகும் பலகைகளுக்கென்று ஒரு தொகையையும், ஒரு மாத வீட்டுச் செலவையும் தனியே எடுத்து வைத்த பிறகு மிஞ்சுவதே இயந்திரத்திற்கான பணம். அது போதவில்லை என்றால் அவசரப்படாதீர்கள். முதல் இரண்டு மாதம் ஆர்டரை மாத்திரம் நீங்கள் பிடித்து, ஏற்கெனவே பிரஸ் வைத்திருப்பவரிடம் ஜாப் ஒர்க்காகக் கொடுத்துச் செய்து வாங்குங்கள். இலாபம் குறையும், ஆனால் உங்கள் பகுதியில் எது விற்கும் என்பது பணம் போடுமுன்பே தெரிந்துவிடும்.

கடன் தேவைப்பட்டால், வட்டிக்காரரிடம் போகுமுன் வங்கியில் முத்ரா திட்டத்தை விசாரியுங்கள். 2015-இல் தொடங்கிய இத்திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாமல் கடன் பெற வழியுண்டு. 2020 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள உத்யம் பதிவை ஆதார் எண்ணைக்கொண்டு இலவசமாகச் செய்துகொள்ளலாம். அதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகரை நம்பாதீர்கள்.

இன்னொரு காரியம். நம் ஜனங்களிடத்தில் இப்பொருள்களுக்குத் தேவை உண்டு. புத்தாண்டு வாக்குத்தத்தப் பலகை, ஞாயிறு பள்ளிப் பரிசு, திருமண நினைவுப் பொருள் என்று டிசம்பரில் வேலை குவியும். ஆனால் தெரிந்தவர்கள் என்ற கூச்சத்தினால் முன்பணம் கேட்காமல் வேலையைத் தொடங்குகிறவர்கள் ஜனவரியில் பாக்கிக்காக வாசல் வாசலாக நடக்கிறார்கள். பாதிப் பணத்தை முன்னதாகவும், மீதியைப் பொருளைக் கொடுக்கும்போதும் வாங்கிக்கொள்வதை எல்லாருக்கும் ஒரே ஒழுங்காக வையுங்கள். உறவும் கெடாது, தொழிலும் கெடாது. சபை வட்டத்துக்கு வெளியே அருகிலுள்ள பள்ளி, கடை, குடியிருப்புச் சங்கம் ஆகியவற்றிலும் மாதிரிப் பலகையைக் காட்டி வையுங்கள். டிசம்பர் முடிந்த பிறகும் இயந்திரம் ஓட வேண்டுமல்லவா?

அடுத்த இதழில், வெறும் பலகைகளையும் டைல்ஸையும் மொத்த விலையில் வாங்கும்போது பூச்சின் தரத்தை எப்படிச் சோதிப்பது என்பதைப் பார்ப்போம். இத்தொழிலில் உங்களுக்குள்ள அனுபவங்களையும் எழுதி அனுப்புங்கள். இன்னொரு குடும்பத்தின் சேமிப்பைக் காப்பாற்ற அவை உதவும்.